ஆய்வு நாளுக்குக் கொடுத்த தலையணை

போர்ட் பிளேரின் மின்னி பே பகுதியில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு தலையணை இருக்கிறது. வெள்ளைத் துணியில் நீலப் பூக்கள். பூக்கள் வெளுத்துவிட்டன, பஞ்சு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. விருந்தாளிகள் வந்து தலையணை போதாமல் போகும் நாட்களில்கூட நான் அதை இறக்குவதில்லை. கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிடுவேன். வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் கணவர் அதைத் தூக்கிப் போடலாமா என்று கேட்பார். வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்லத் தொடங்கினால் அது ஒரு பல்கலைக்கழகத்தின் கதையாக நீளும் என்று அவருக்குத் தெரியும், அதனால் மேற்கொண்டு கேட்கமாட்டார். ஒரே ஒரு பகல் பொழுது மட்டும் எங்கள் சூப்பிரண்ட் அம்மா அதில் தலை வைத்துப் படுத்திருந்தார்.

அவர் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர். தமிழ் பேசுகிற ஊழியர்களுக்கு சூப்பிரண்ட் அம்மா, மற்றவர்களுக்கு மேடம்ஜி. பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஓர் அறக்கட்டளை நடத்தியது. போர்ட் பிளேரில் ஒரு மலைச்சரிவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று, செவிலியர் கல்லூரி ஒன்று, அதற்கென்று ஒரு சின்ன மருத்துவமனை, அவ்வளவுதான். அங்கே திட்டப் பிரிவில் நான் உதவியாளராகச் சேர்ந்தேன். திட்டப் பிரிவு என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம்: மழை வந்தால் ஒழுகும் ஓர் அறை, கடலைப் பார்த்த ஒரு ஜன்னல், அவர், நான். அவர் ஜங்லிகாட்டில் மளிகைக் கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பெண். பள்ளிப் படிப்பு முடிந்ததும் டீச்சராக வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் அதற்கு மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும். "பொம்பளப் புள்ளையத் தனியா சிப்புல ஏத்தி அனுப்ப மாட்டேன்னுட்டாங்க எங்க அத்தா. அழுதேன். டைப்ரைட்டிங் கத்துக்கன்னு சொல்லிட்டாங்க" என்று ஒருமுறை சொன்னார். அத்தாவின் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கப்பலின் மேல்தான் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வருவார்.

அதனால் வளர்ச்சித் திட்டம் எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது எங்களுக்கெல்லாம் அது இன்னொரு வேலையாக இருந்தது, அவருக்கு மட்டும் சொந்த வீட்டு விசேஷம் மாதிரி ஆகிவிட்டது. பி.எட். இடங்களையும் நர்சிங் இடங்களையும் இரண்டு மடங்காக்க வேண்டும். வருகிற ஆண்டுகளில் எந்தப் படிப்பு எப்போது தொடங்கும், விடுதி எங்கே வரும், எத்தனை ஆசிரியர்கள் தேவை என்றெல்லாம் நான் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து கொடுப்பேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்துவிட்டு, "ஹேவ்லாக்குல இருக்கிற பொண்ணு இங்க வந்து படிக்கணும். லீவு விட்டா போட்டு ஏறி வீட்டுக்குப் போயி அம்மா கையால சோறு திங்கணும். அதாம்மா பிளானு. மத்ததெல்லாம் சும்மா கட்டம் போட்டது" என்பார். அவர் சொன்ன அந்த இரண்டு வரிக்கு அறிக்கையில் இடம் கிடைக்கவில்லை. கட்டங்கள் மட்டும் போயின.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. இடங்கள் கூட வேண்டுமானால் மருத்துவமனைப் படுக்கைகளில் நோயாளிகள் இருக்க வேண்டும், பி.எட். மாணவிகள் பாடம் நடத்திப் பழகுகிற பயிற்சிப் பள்ளியின் வகுப்புகளில் பிள்ளைகள் இருக்க வேண்டும். எங்களிடம் இரண்டும் இல்லை. நோய் வந்தால் சனங்கள் அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், அதற்கும் மேல் என்றால் மெயின்லேண்டுக்கு. எங்கள் வார்டில் காய்ச்சல்காரர்கள் நாலு பேர் படுத்திருந்தால் அன்று கூட்டம் என்று அர்த்தம். இடம் முதலில் வரட்டும், பிறகு டாக்டர்களைப் போடுவோம், சனங்கள் தானாக வருவார்கள் என்பது அறக்கட்டளைச் செயலாளரின் யோசனை. அவர் காண்டிராக்டராக இருந்து பெரிய மனிதரானவர். மாடியைக் கட்டிவிட்டு அஸ்திவாரம் தோண்டுகிற ஆள் என்று சூப்பிரண்ட் அம்மா என்னிடம் மட்டும் சொல்வார். ஆனால் இரண்டு படிப்புகளையும் பார்க்க மெயின்லேண்டிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது என்று தெரிந்ததும் அவரும் அந்த யோசனைக்குள் போய்விட்டார். எல்லா இடத்திலும் நடக்கிறதுதானே, ஒருநாள் ஒப்பேற்றினால் போதும் என்றார்கள். அவருக்கும் அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

ஒப்பேற்றுவதை அவர் ஏனோதானோ என்று செய்யவில்லை. ஊழியர்கள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு நோயாளியையும், பள்ளி வயதில் இருந்தால் ஒரு பிள்ளையையும் கொண்டுவர வேண்டும். புதுக் கட்டில்கள் வந்துவிட்டன. தலையணைகள் ஏற்றிவந்த சரக்குக் கப்பல் கடல் சரியில்லாமல் நடுவழியில் நின்றுவிட்டது. அதனால் ஆளுக்கொரு தலையணையும் கொண்டுவரச் சொன்னார். என் நீலப் பூப்போட்ட தலையணை அப்படித்தான் போனது. எல்லாவற்றுக்கும் மேலே ஆஸ்பத்திரி வெள்ளை உறையைப் போட்டோம். உறை மெல்லியது, உள்ளேயிருந்து பூக்கள் எட்டிப் பார்த்தன. முதல் நாள் சாயந்திரம் நோயாளிகளை வரிசையாக உட்காரவைத்து அவர் வகுப்பெடுத்ததை மறக்கவே முடியாது. யாருக்கு என்ன நோய் என்று பிரித்துக் கொடுத்தார். முனகச் சொல்லிக் காட்டினார். அதிகமாக முனகியவர்களை அதட்டினார். "பிரசவ வலி இல்லம்மா உங்களுக்கு, மூட்டு வலி. தோடா கம் கரோ" என்று ஒரு தெலுங்கு அம்மாளிடம் முனகலைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னபோது வார்டே சிரித்தது. கைக்கடிகாரம், கைப்பை எதுவும் கூடாது, போன் தலையணைக்கு அடியில் இருக்கட்டும் என்றார். எனக்கு அதெல்லாம் ஆண்டுவிழா நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பது போலத்தான் இருந்தது.

காலையில் ஆசிரியர் பயிற்சி. ஒரு மாணவி கடல் ஏன் ஏறி இறங்குகிறது என்று பாடம் நடத்த வேண்டும். வகுப்பு நிறைய எங்கள் ஊழியர்களின் பிள்ளைகள். பாடம் தொடங்கும் முன்பே ஒரு வாண்டு எழுந்து நிலாவைப் பற்றிச் சொல்லிவிட்டான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, உட்காரும்போது "சரியா சித்தி?" என்று கேட்டுவிட்டான். அவள் அவனுடைய சொந்தச் சித்திதான். குழுவின் தலைவராக வந்திருந்த முதியவர் குனிந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். சிரிக்கிறாரா, பல்லைக் கடிக்கிறாரா என்று தெரியவில்லை. செயலாளர் உடனே இளநீர் கொண்டுவரச் சொன்னார். அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்த சூப்பிரண்ட் அம்மாவிடம் நான் ஓடிப்போய்ச் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தும் கை வயிற்றிலேயே இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, கேஸ் என்றார். நான் ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன். அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மத்தியானம் மருத்துவமனைக்குக் குழு கிளம்பும் நேரத்தில் ஒரு கட்டில் காலியாகிவிட்டது. கணக்குப் பிரிவுக்காரரின் மாமியார் வயிற்று வலிக்காரியாகப் படுக்க வேண்டியவர். ஒன்றுமில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால் நிஜமாகவே படுக்க வேண்டி வந்துவிடும் என்று சொல்லி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். வேறு ஆள் தேட நேரமில்லை. சூப்பிரண்ட் அம்மா காலையிலிருந்து குழுவின் கண்ணில் படவே இல்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "நானே படுத்துக்கிறேன். வயித்து வலிதானே, எனக்குச் சுலபம்" என்றார். என் தலையணையைப் பார்த்து, "இது உங்க வீட்டுதா? நல்ல மெத்துன்னு இருக்கு" என்று தட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தார்.

கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் விளக்குகளுக்கு மட்டும்தான், மின்விசிறி ஓடவில்லை. குழு கட்டில் கட்டிலாக வந்தது. ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் ஒரு இறுதியாண்டு மாணவி நின்று நாடி பார்ப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் செய்து காட்ட வேண்டும். சூப்பிரண்ட் அம்மாவின் கட்டிலுக்கு ஹேவ்லாக் தீவிலிருந்து வந்து படித்த ஒரு வங்காளிப் பெண். விவசாயக் குடும்பம், அதிகம் பேசமாட்டாள். நான் எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சூப்பிரண்ட் அம்மா கண்ணை மூடி, மேல் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். முகமெல்லாம் வியர்வை. உதடு வெளிறியிருந்தது. முனகல் சத்தமாக இல்லை, உள்ளுக்குள்ளேயே இழுத்துக்கொண்ட மாதிரி வந்தது. மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைவிட எவ்வளவு தேவலாம் என்று நினைத்தேன். என் பக்கத்தில் நின்ற டைப்பிஸ்ட் என் காதில், "அக்கா, மேடம் சினிமாவுக்குப் போயிருக்கணும்" என்றாள். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

அந்த மாணவி ரத்த அழுத்தப் பட்டையை ஒருமுறை கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். நாடியைத் தொட்டுப் பார்த்தவள் கையை எடுக்கவே இல்லை. பிறகு நிமிர்ந்து எங்கள் நர்சிங் முதல்வரைப் பார்த்து ஏதோ சொன்னாள். முதல்வர் கண்ணாலேயே அதட்டினார், பேசாமல் நில் என்று. அவள் என்னைப் பார்த்தாள். நானும் கையைக் காட்டி, "டீக் ஹை, ஹோ கயா" என்றேன். போதும், முடிந்தது என்று. குழு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டது. அவள் நகரவில்லை. சூப்பிரண்ட் அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள், ஏதோ கேட்டாள், அவர் பதில் சொல்லவில்லை. உடனே திரும்பி அந்த முதியவரின் பின்னால் போய், சட்டைக் கையைத் தொடாத குறையாக நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "சார், யே பேஷண்ட் ஆக்டிங் நஹீ கர் ரஹீ ஹை."

இந்த நோயாளி நடிக்கவில்லை.

வார்டில் ஒரு முனகல் இல்லை. மூட்டு வலியும் காய்ச்சலும் சர்க்கரையும் ஒரே நொடியில் குணமாகிவிட்டன. தெலுங்கு அம்மாள் எழுந்து உட்கார்ந்தே விட்டார். யாருடைய தலையணைக்கு அடியிலோ போன் ஒரு பாட்டுப் பாடியது, அதை நிறுத்தக்கூட யாருக்கும் கை வரவில்லை. அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியத்தில் மற்ற எல்லோரும் நடிக்கிறார்கள் என்பதும் இருந்தது. அது எங்களுக்கு முதலில் புரிந்தது. சூப்பிரண்ட் அம்மா நடிக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. இந்த வரிசையை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

முதலில் ஓடியவர் அந்த முதியவர்தான். அவர் ஒரு டாக்டர் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்பு. வயிற்று வலி போலவே வருகிற வகை என்று பிறகு சொன்னார்கள். காலையிலிருந்தே இருந்திருக்கிறது. அவர் அதைக் கேஸ் என்று நினைத்தார், நாங்கள் நடிப்பு என்று நினைத்தோம். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கே உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். சில நாட்கள் கழித்து விமானத்தில் சென்னைக்கு அனுப்பி, அடைப்பு எடுத்தார்கள். வார்டைக் காலி செய்யும்போது என் தலையணையை எடுத்தேன். உறையையும் தாண்டி உள்ளே வரை நனைந்திருந்தது. நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றதாக டைப்பிஸ்ட் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

இரண்டு படிப்புக்கும் கூடுதல் இடம் மறுக்கப்பட்டது. அது எதிர்பார்த்ததுதான். நான் எதிர்பாராதது, சென்னையிலிருந்து திரும்பியவரைப் பார்க்க ஜங்லிகாட் வீட்டுக்குப் போனபோது நடந்தது. மெலிந்து, குரல் தாழ்ந்து, சாய்வு நாற்காலியில் இருந்தார். அந்தப் பெண்ணைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்துக்கொண்டு நான் பேச்சை எடுத்தேன். அவருடைய கண் சிவந்துவிட்டது. "அவள யாரும்மா வாயத் தொறக்கச் சொன்னா? பக்கத்துல வந்து மெதுவா சொல்லியிருக்கலாம்ல? டாக்டரக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல? எத்தன வருசம் எழுதினேன். ஒரு வார்த்தையில கப்பல் ஏத்திட்டா" என்றார். உயிர் பிழைத்து வந்த மனுஷி, பிழைக்கவைத்தவளைத் திட்டுகிறாரே என்று இருந்தது எனக்கு. மெதுவாகத்தான் முதலில் சொன்னாள், நாங்கள்தான் கேட்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. அவர் இருந்த நிலையில் சொல்லவில்லை.

அந்தக் கோபம் செயலாளருக்கும் எட்டிவிட்டது. அவருக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. நிறுவனத்தின் பெயரைக் கெடுத்ததாக அந்த மாணவியின் மேல் ஒரு விசாரணை வைத்தார்கள். சூப்பிரண்ட் அம்மா வந்து, அன்று எனக்கு நிஜமாகவே வலி வந்துதான் சேர்ந்தேன், மற்றவர்களும் அப்படித்தான், யாரும் நடிக்கவில்லை, பயந்துபோன பெண் உளறிவிட்டாள் என்று சொன்னால் போதும். அவருடைய இ.சி.ஜி.யே சாட்சி. அதை வைத்து மேல்முறையீடு செய்தால் இடங்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு. மாணவி வெளியே போவாள். படிப்பு முடிய சில மாதங்களே இருந்தன. பாதி உண்மைதானே என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் சொல்லிவிடுவார் என்று நானும் நம்பினேன். அவருடைய கோபத்தைத்தான் நேரில் பார்த்திருந்தேனே.

கூட்ட அறையில் அந்தப் பெண் ஒரு மூலையில் நின்றாள். அவளுடைய அப்பா ஹேவ்லாக்கிலிருந்து முதல் போட்டில் வந்து, ஒரு பை காய்கறியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அதை மடியிலேயே வைத்திருந்தார். சூப்பிரண்ட் அம்மா மெதுவாக நடந்து வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்குப் புரிய வேண்டும் என்று இந்தியில்தான் தொடங்கினார். பாதியில் எப்போது தமிழுக்கு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நான் நடிக்கத்தாங்க படுத்தேன். எல்லாரையும் படுக்க வச்சதும் நான்தான். நெசமாவே வலி வந்துச்சு, அது எனக்கே தெரியல. இத்தனை பேரு சுத்தி நின்னாங்க, ஒருத்தருக்கும் தெரியல. இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுது. இப்படி ஒருத்தி வேணும்னுதானங்க சீட்டுக் கேட்டோம்? வந்துட்டாளே. இவள வெளிய அனுப்பிட்டு இன்னும் யாருக்குங்க சீட்டு?"

செயலாளர் தண்ணீர் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தார். தன் வாயாலேயே தன் திட்டத்தைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு அந்த அம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அந்தப் பெண் காலில் விழப் போனாள். சூப்பிரண்ட் அம்மா காலை இழுத்துக்கொண்டு, "ஜா, படாயீ கர்" என்றார். போய்ப் படி, அவ்வளவுதான். காய்கறிப் பையை மட்டும் அவளுடைய அப்பாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவரை ஸ்டோர் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே துடைப்பத்துக்கும் பினாயிலுக்கும் கணக்குப் பார்த்தார். புதிய திட்டத்தை நான் எழுதினேன். இருக்கிற படுக்கையை மட்டும், வருகிற நோயாளியை மட்டும் எழுதினேன். எழுதி முடித்தபோது வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக இருந்தது. பி.எட். மாணவிகளை மற்றத் தீவுகளில் உள்ள நிஜப் பள்ளிகளுக்குப் போட்டில் அனுப்பிப் பயிற்சி கொடுக்கலாம் என்று ஒரு பக்கம் சேர்த்தேன். பி.எட். இடங்கள் இன்னும் கேட்டபடி கிடைக்கவில்லை, நர்சிங்கில் கொஞ்சம் கிடைத்தது. அந்தப் பெண் படிப்பை முடித்து இப்போது ஹேவ்லாக்கில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். சூப்பிரண்ட் அம்மா இன்றுவரை அவளுக்கு நன்றி சொல்லவில்லை. பேச்சு வந்தால், "வாயாடி" என்பார். ஆனால் ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு, கப்பலென்றாலே ஆகாத அந்த அம்மாள், ஜங்லிகாட்டில் வீட்டுப் பக்கத்திலேயே கிளினிக் இருக்க, போட்டு ஏறி ஹேவ்லாக்குக்குப் போகிறார். ஏன் என்று கேட்டேன். "வேற யாரு பாத்தாலும் எனக்கு நம்பிக்க வரலம்மா" என்றார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மீன் குழம்பு; உப்பில்லாமல் அவருக்குத் தனியாக வைத்திருந்தேன், அதை ஒதுக்கிவிட்டு எங்களுடையதைச் சாப்பிட்டார். சாப்பிட்டதும் சற்றுக் கண்ணயர வேண்டும் என்றார். தலையணைகள் எல்லாம் மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நான் எடுத்துவர மாடிக்குப் போய்த் திரும்புவதற்குள் என் கணவர் அலமாரி மேல்தட்டிலிருந்து அந்த நீலப் பூத் தலையணையை இறக்கிக் கொடுத்துவிட்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சூப்பிரண்ட் அம்மா அதைத் திருப்பிப் பார்த்தார், பூவை விரலால் தொட்டார், தெரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரிந்தது. அதையே தலைக்கு வைத்துப் படுத்துக் கண்ணை மூடினார்.

என்னால் உள்ளே போக முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, இருந்தும் அவர் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று பார்த்தேன். உதட்டின் நிறத்தைப் பார்த்தேன். கை வயிற்றில் இருந்தது. அன்று அந்தப் பெண் பார்த்ததை நான் இன்றைக்காவது பார்த்துவிட வேண்டும் என்று உள்ளே போய், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவருடைய மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை மூச்சு சற்று நின்ற மாதிரி இருந்தது. என் கை தானாகவே அவர் நாடியைத் தேடிப் போய்விட்டது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"நடிக்கலம்மா" என்றார். "தூங்குறேன்."